உறைந்துபோன விண்வெளி நிலையத்துக்கு உயிர் கொடுத்த இருவர்

விண்வெளி நிலையம் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? மிதந்துகொண்டே சாப்பிடுவது, அந்தரத்தில் குட்டிக்கரணம் அடிப்பது, ஜன்னல் வழியாக பூமியைப் பார்ப்பது! ஆனால் அங்கே வெளிச்சம், காற்று, தண்ணீர், வெப்பம் எல்லாமே இயந்திரங்கள் தருபவை. அவை நின்றுபோனால் என்ன ஆகும்? 1985-ல் அப்படித்தான் நடந்தது.

சோவியத் யூனியன் 1982 ஏப்ரலில் சல்யூட் 7 என்ற நிலையத்தை ஏவியது. நம் ராகேஷ் ஷர்மா 1984 ஏப்ரலில் போய்த் தங்கியது இதில்தான். 1985 பிப்ரவரியில், உள்ளே யாரும் இல்லாத நேரத்தில், நிலையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது. அப்படியே விட்டுவிடலாம், அல்லது ஆள் அனுப்பிச் சரிசெய்து பார்க்கலாம். சோவியத் விஞ்ஞானிகள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஜூன் 6 அன்று விளாதிமிர் ஜானிபெகோவ், விக்தர் சவினிக் இருவரும் சோயுஸ் டி-13 விண்கலத்தில் கிளம்பினார்கள். வழக்கமாக நிலையம் அனுப்பும் ரேடியோ சிக்னலை வைத்து விண்கலம் தானாகவே போய் இணையும். இப்போது சிக்னலே கிடையாது! கையில் பிடிக்கும் லேசர் கருவியால் தூரத்தை அளந்து, ஜன்னல் வழியாகப் பார்த்து, ஜானிபெகோவ் கையாலேயே ஓட்டி ஜூன் 8-ல் இணைத்தார்.

உள்ளே ஒரே இருட்டு. சுவர்களில் பனி படிந்திருந்தது. எச்சில் துப்பிப் பார்த்தார்கள், உடனே உறைந்துவிட்டது. கம்பளித் தொப்பி, கையுறையோடு வேலை செய்தார்கள். நிலையத்தின் தண்ணீர் கட்டியாகிக் கிடந்தது. கொண்டுபோன தண்ணீரோ சில நாட்களுக்குத்தான் வரும்.

இன்னொரு ஆபத்தும் இருந்தது. எடையில்லாத இடத்தில் சூடான காற்று மேலே எழும்பாது. மின்விசிறி ஓடாவிட்டால், நாம் விட்ட மூச்சுக்காற்றே நம் முகத்தைச் சுற்றி நிற்கும். அந்தக் கரியமில வாயுவால் தலைவலியும் சோர்வும் வரும்.

பிரச்சினை எங்கே? பேட்டரி சார்ஜ் ஏறுவதைக் கட்டுப்படுத்தும் ஒரு சென்சார் பழுது. அதனால் பேட்டரிகள் காலியாகி, எல்லாமே நின்றுவிட்டன. 8 பேட்டரிகளில் 6 தேறும் என்று தெரிந்தது. சூரியத் தகடுகளின் ஒயர்களை நேராக அவற்றில் இணைத்தார்கள். பிறகு சோயுஸின் எஞ்சினை இயக்கி, நிலையத்தையே சூரியன் பக்கம் திருப்பினார்கள். பேட்டரிகளில் சார்ஜ் ஏறியது. விளக்கு எரிந்தது!

சூடு வந்ததும் பனி உருகியது. ஈரத்தால் ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடக் கூடாதே! துணி போதாமல் உடைகளைக் கிழித்துச் சுவர்களைத் துடைத்தார்கள். ஜூன் 23-ல் சரக்குக் கலம் தண்ணீரும் உதிரி பாகங்களும் கொண்டுவந்தது. ஜானிபெகோவ் 112 நாட்களும் சவினிக் 168 நாட்களும் விண்வெளியில் இருந்துவிட்டுத் திரும்பினார்கள். 1991 பிப்ரவரியில் அந்த நிலையம் அர்ஜென்டினாவின் மேலே எரிந்து விழுந்தது.

சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2000 நவம்பர் முதல் மனிதர்கள் தொடர்ந்து வாழ்ந்து வருகிறார்கள். அங்கும் ஆராய்ச்சியோடு சேர்த்து, ஃபில்டர் மாற்றுவது, பம்ப் பழுது பார்ப்பது எல்லாம் அவர்கள் வேலைதான். விண்வெளி வீரர் என்றால் பாதி விஞ்ஞானி, பாதி மெக்கானிக்!

அடுத்த முறை கரண்ட் போகும்போது இந்த இருவரையும் ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள் நண்பர்களே.