மூளைக் கட்டியின் சர்க்கரைக் கணக்கு

புற்றணுக்கள் சர்க்கரையை எவ்வாறு செலவிடுகின்றன என்னும் ஆராய்ச்சி, பெர்லின் நகரின் டாலெம் பகுதியிலிருந்த கைசர் வில்ஹெல்ம் உயிரியல் நிறுவனத்தில், 1920களின் முற்பகுதியில் ஓட்டோ வார்பர்க் நடத்திய சோதனைகளில் உருப்பெற்றது. உயிருள்ள திசுவை அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய சீவல்களாக அரிந்து, பைகார்பனேட்டும் குளுக்கோசும் கலந்த உப்புநீரில் இட்டு, உடல்வெப்பத்திலுள்ள தொட்டிக்குள் குடுவையை ஆட்டியபடியே, அதனோடு இணைந்த வளைகுழாயில் திரவமட்டம் ஏறி இறங்குவதைக் குறித்துக்கொள்வது அவரது முறை. திசு ஆக்சிஜனை உட்கொண்டால் வாயு அழுத்தம் குறையும். லாக்டிக் அமிலத்தை வெளியிட்டாலோ, அந்த அமிலம் பைகார்பனேட்டிலிருந்து கார்பன் டைஆக்சைடைக் கிளப்பிவிடுவதால் அழுத்தம் கூடும். எலியின் கட்டித் திசு, ஆக்சிஜன் தாராளமாகக் கிடைத்தபோதும், குளுக்கோசை முழுவதும் எரிக்காமல் பாதியில் உடைத்து லாக்டிக் அமிலமாக வெளியேற்றியதை அந்தக் குழாய் காட்டிக்கொடுத்தது. முழுவதும் எரிந்தால் சுமார் 30 ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறுகளைத் தரவல்ல ஒரு குளுக்கோஸ், இவ்வழியில் இரண்டை மட்டுமே தரும் என்பதால், இது வீண்செலவாகவே தோன்றியது.

வார்பர்க்கின் அளவீடு நிலைத்தது. அதற்கு அவர் சொன்ன காரணம் நிலைக்கவில்லை. உயிரணுவின் சுவாசம் மீளமுடியாதபடி பழுதுறுவதே புற்றின் மூலம் என்று 1956இல் அவர் எழுதியபோது, பல கட்டிகள் ஆக்சிஜனைக் குறைவின்றியே உட்கொள்கின்றன என்று சிட்னி வைன்ஹவுஸ் மறுத்துரைத்தார்.

மரபணு ஆய்வாளர்களோ வேறொரு பாதையில் சென்றுகொண்டிருந்தனர். 1979இல் அறியப்பட்ட பி53 என்னும் புரதம், புற்றைத் தூண்டுவது என்று பத்தாண்டுகள் தவறாகக் கருதப்பட்டு, உண்மையில் கட்டியை ஒடுக்கும் மரபணுவின் விளைபொருள் என்று 1989இல்தான் தெளிவாயிற்று. மூளையின் மிகக் கொடிய கட்டியான கிளியோபிளாஸ்டோமாவில் பத்தாம் குரோமோசோமின் பகுதி அடிக்கடி தொலைந்துபோவதைத் தொடர்ந்து தேடியவர்கள், 1997இல் பிடென் என்ற மற்றோர் ஒடுக்கும் மரபணுவைக் கண்டனர். உயிரணுச் சவ்விலுள்ள ஒருவகைக் கொழுப்பு மூலக்கூறிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றுவது பிடென் நொதியின் வேலை என்று மறு ஆண்டே தெரியவந்தது. அந்த நொதி இல்லாதபோது அம்மூலக்கூறு பெருகி, ஏகேடி என்னும் புரதத்தை ஓயாமல் முடுக்க, அது குளுக்கோஸ் உள்நுழையும் வாயில்களைச் சவ்வில் மிகுவித்து, வந்த சர்க்கரையை உடைக்கும் முதல் நொதிக்கும் ஊக்கமளிக்கிறது. இத்தனை சர்க்கரையும் ஆற்றலுக்கு மட்டும் அன்று. பிரிந்து பெருகும் அணு தனக்கு வேண்டிய கொழுப்பையும் மரபுப்பொருளையும் கட்டுவதற்கான சரக்கும் இதிலிருந்தே கிடைப்பதால், வீண்செலவு என்ற பழைய தீர்ப்பைத் திருத்தத்தான் வேண்டும்.

2006இல் இரு பாதைகளும் கூடின. டைகார் என்ற புரதத்தின் வழியாகச் சர்க்கரை உடைப்பைப் பி53 தணிப்பதை ஓர் ஆய்வும், எஸ்சிஓ2 என்ற புரதத்தின் வழியாக அது சுவாசத்தைப் பேணுவதை மற்றோர் ஆய்வும் காட்டின. பின்னது மூளை அணுக்களிலன்றி, குடற்புற்று அணுக்களில் கண்டறியப்பட்டது; ஆயினும் கிளியோபிளாஸ்டோமாக்களில் பெரும்பாலானவற்றில் பி53 வழித்தடம் எங்கேனும் பழுதுற்றிருப்பதை 2008இல் வெளியான மரபுத்தொகுதி ஆய்வு காட்டியதால், அம்முடிவு மூளைக்கும் பொருட்படுவதாயிற்று. எஸ்சிஓ2 இன்றிச் சரிவர அமையாத நொதி சைட்டோகுரோம் ஆக்சிடேஸ். வார்பர்க் 1931இல் நோபல் பரிசு பெற்றது, புற்று ஆய்வுக்காக அன்று, இந்தச் சுவாச நொதியின் இயல்பை ஆராய்ந்ததற்காகவே.