கேமராவுக்குள்ள இருந்த கண்ணாடி ஏன் போச்சு?

வேலைக்குச் சேர்ந்து வந்த முதல் போனஸ்ல நான் வாங்கினது ஒரு டிஎஸ்எல்ஆர். போன வாரம் அதை விக்கலாம்னு கடைக்குக் கொண்டு போனேன். கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டுட்டு, பேசாம திரும்ப பைக்குள்ள வெச்சுட்டேன். "மிரர் வெச்ச கேமராவை இப்ப யாரு தம்பி கேக்குறா?"ன்னார். வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான். அந்தக் கண்ணாடி முதல்ல எதுக்கு அங்க வந்துச்சு?

பதில் ஃபிலிம்ல இருக்கு. படம் எடுக்குற நொடி வரைக்கும் ஃபிலிம் இருட்டுலதான் இருக்கணும். ஆனா லென்ஸ் என்ன பார்க்குதுன்னு நமக்குத் தெரியணும். ரெண்டும் ஒண்ணா நடக்க என்ன வழி? லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவுல 45 டிகிரியில ஒரு கண்ணாடியைச் சாய்ச்சு வெச்சாங்க. வெளிச்சம் அதுல பட்டு மேல போய் நம்ம கண்ணுக்கு வரும். பட்டனை அமுக்கினா கண்ணாடி மேல தூக்கிக்கும், ஷட்டர் திறக்கும், ஃபிலிம்ல படம் விழும்.

1936ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்துல இருந்து வந்த கீனே எக்ஸாக்டா இப்படிப்பட்ட 35 மிமீ கேமராதான். அதுல படம் எடுத்ததும் கண்ணாடி மேலயே நின்னுடும். அடுத்த படத்துக்கு ஃபிலிமைச் சுத்துற வரைக்கும் வியூஃபைண்டர்ல ஒண்ணும் தெரியாது. கண்ணாடி தானாவே உடனே கீழ இறங்குற வசதியை ஜப்பானின் அசாஹி நிறுவனம் 1954ல் தன் அசாஹிஃப்ளெக்ஸ் கேமராவுல கொண்டுவந்தது. 1959ல் நிகான் எஃப் வந்தது. அதுக்கப்புறம் பத்திரிகை புகைப்படக்காரர்கள் கையில பெரும்பாலும் இந்த வகை கேமராதான்.

என் பாஷையில சொன்னா, அந்தக் கண்ணாடி ஒரு வொர்க்அரவுண்ட். ஃபிலிமோட ஒரு குறையைச் சமாளிக்க எழுதின கோட்.

1999ல் நிகான் டி1 வந்தப்போ ஃபிலிம் இருந்த இடத்துல டிஜிட்டல் சென்சார் உட்கார்ந்துச்சு. சென்சாரை இருட்டுல ஒளிச்சு வைக்கணும்னு கட்டாயம் கிடையாது. அது பார்க்குறதை அப்படியே திரையில காட்டலாம். அந்தக் காலத்துச் சின்ன டிஜிட்டல் கேமராக்கள் ஏற்கெனவே அதைத்தான் செஞ்சுட்டு இருந்தது. அதாவது, கண்ணாடிக்கான காரணம் போயிடுச்சு. ஆனா கண்ணாடி அதுக்கப்புறமும் இருபது வருஷம் போல உயிரோட இருந்தது. ஏன்?

எங்க ஆபீஸ்ல ஒரு ஃபங்ஷன் இருக்கு. மேல "தயவுசெஞ்சு எடுக்காதீங்க"ன்னு ஒரு கமெண்ட். எழுதினவர் வேலையை விட்டுப் போய்ப் பல வருஷம் ஆச்சு. யாரும் தொட மாட்டாங்க, ஏன்னா வேற எதெல்லாமோ அதை நம்பி ஓடுது. கண்ணாடி கதையும் அதேதான்.

முதல்ல, லென்ஸ். கண்ணாடி ஆட இடம் வேணும்ங்கிறதால, நிகான் எஃப் மவுண்ட்ல லென்ஸ் மாட்டுற வளையத்துக்கும் ஃபிலிமுக்கும் நடுவுல 46.5 மிமீ தூரம். 1987ல் வந்த கேனன் இஎஃப் மவுண்ட்ல 44 மிமீ. எல்லா லென்ஸும் அந்தத் தூரத்துக்காகவே செஞ்சது. அடுத்து, ஆட்டோஃபோகஸ். பெரிய கண்ணாடிக்குப் பின்னால ஒரு குட்டிக் கண்ணாடி இருக்கும். அது கொஞ்சம் வெளிச்சத்தைக் கீழ இருக்கிற ஃபோகஸ் சென்சாருக்கு அனுப்பும். ரொம்ப வேகம். கண்ணாடியை எடுத்தா அதுவும் போச்சு. கண்ணாடி இல்லாத ஆரம்ப கேமராக்கள் லென்ஸை முன்னும் பின்னும் ஆட்டித் தேடித்தான் ஃபோகஸ் பிடிக்கும். தாலி கட்டுற நொடியில அது தேடிக்கிட்டு இருந்தா என்ன ஆகும், யோசிங்க!

அப்போ யார் முதல்ல கை வெச்சாங்க? 2008ல் பானசோனிக், ஜி1 கேமராவோட. சோனி, 2006ல் கோனிகா மினோல்டா கேமரா தொழிலை விட்டு விலகினப்போ அந்த டிஎஸ்எல்ஆர் பிரிவை எடுத்துக்கிட்ட நிறுவனம். 2010ல் நெக்ஸ், 2013ல் ஃபுல் ஃப்ரேம் சென்சாரோட ஏ7ன்னு இறக்குச்சு. கேனன், நிகான் அளவுக்கு இவங்களுக்கு டிஎஸ்எல்ஆர்ல பெரிய சொத்து கிடையாது. இழக்க கம்மியா இருந்தவங்கதான் முதல்ல குதிச்சாங்க. நிகான் 2011லயும் கேனன் 2012லயும் மிரர்லெஸ் விட்டாங்க, ஆனா சின்ன சென்சாரோட. தங்களோட பெரிய டிஎஸ்எல்ஆர் விற்பனையைத் தாங்களே கெடுத்துக்க வேண்டாம்னு நினைச்சிருப்பாங்கன்னு என் கணிப்பு.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. சென்சாரையே வேகமா ஃபோகஸ் பிடிக்க வைக்கிற டூயல் பிக்சல் நுட்பத்தை 2013ல் கேனனே கொண்டுவந்தது. எதுல? 70டிங்கிற ஒரு டிஎஸ்எல்ஆர்ல! 2016ல் வந்த கேனன் 1டி எக்ஸ் மார்க் 2 நொடிக்கு 14 படம் எடுக்கும். கண்ணாடியை மேலயே நிறுத்தி வெச்சா 16. கண்ணாடிதான் தடைன்னு அவங்க கேமராவே சொல்லிடுச்சு. அடுத்த வருஷம் சோனி ஏ9 நொடிக்கு 20 படம் எடுத்துச்சு, வியூஃபைண்டர் ஒரு தடவைகூட இருட்டாகாம.

2018 ஆகஸ்ட்ல நிகான் இசட், செப்டம்பர்ல கேனன் ஆர். இந்த முறை முழு மனசோட. இங்கதான் எனக்குப் பிடிச்ச எஞ்சினியரிங் இருக்கு. புது இசட் மவுண்ட்ல தூரம் வெறும் 16 மிமீ. பழைய லென்ஸுக்கு வேண்டியது 46.5. நடுவுல 30.5 மிமீ மிச்சம். அந்த இடத்துல ஒரு அடாப்டரை மாட்டினா பழைய லென்ஸ் வேலை செய்யும். பழைய கோடை உடைக்காம புது சிஸ்டத்துக்கு மாறுற வழி அது. 2020ல் மிரர்லெஸ் கேமராக்களோட ஏற்றுமதி எண்ணிக்கை டிஎஸ்எல்ஆரை முந்திடுச்சு. 2021ல் வந்த நிகான் இசட்9ல மெக்கானிக்கல் ஷட்டரும் கிடையாது.

அப்போ போனதுல நஷ்டமே இல்லையா? இருக்கு. டிஎஸ்எல்ஆர்ல கண்ணை வெச்சா நீங்க பார்க்குறது நிஜ வெளிச்சம். கேமரா ஆஃப்ல இருந்தாலும் தெரியும். மிரர்லெஸ்ல பார்க்குறது ஒரு குட்டித் திரை, அது பேட்டரியையும் தின்னும். பென்டாக்ஸ், அதாவது அந்த அசாஹியோட வாரிசு, இதுக்காகவே 2021லகூட ஒரு புது டிஎஸ்எல்ஆர் விட்டது.

நான் அடுத்து வாங்கப்போறது மிரர்லெஸ்தான், ஒரு அடாப்டரோட. லென்ஸெல்லாம் கூட வரும். பழைய பாடியை விக்கப்போறது இல்லை. நேத்து ராத்திரி சும்மா எடுத்து ஒரு தடவை அமுக்கிப் பார்த்தேன். சடக்! 1954ல இறங்க ஆரம்பிச்ச கண்ணாடி, இன்னும் ஒழுங்கா இறங்குது.

உங்க டிஎஸ்எல்ஆர் இப்ப எங்க இருக்குன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.