பாலத்தின் உச்சியில் தெரிந்தது



இந்த நினைவுரைக்கு நான் எடுத்துக்கொண்டது ஒரு பாலத்தின் வரலாறு. அமெரிக்காவின் அலபாமா மாநிலம், செல்மா நகரில் அலபாமா ஆற்றின் மேல் நிற்கும் எட்மண்ட் பெட்டஸ் பாலம். 1940இல் திறக்கப்பட்ட எஃகு வளைவுப் பாலம் அது.

பருத்தி ஏற்றிச் சென்ற நீராவிப் படகுகளால் வளர்ந்த ஊர் செல்மா. படகுகள் கடக்க வேண்டும் என்பதால் பாலம் நடுவில் உயர்ந்திருக்கும். நகரிலிருந்து ஏறுபவருக்கு உச்சிக்குப் போகும்வரை மறுகரை தெரியாது.

பெட்டஸ் யார்? அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தளபதி, பின்னாளில் செனட்டர், கு கிளக்ஸ் கிளானின் தலைவராக அறியப்பட்டவர். அவர் இறந்தது 1907இல். முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து அவர் பெயரைத் தேடி எடுத்துப் பாலத்தின் உச்சியில் பொறித்தார்கள். ஊரில் பாதிப்பேரான கறுப்பின மக்கள் அந்தப் பெயருக்குக் கீழேதான் போய்வர வேண்டும்.

1965 தொடக்கத்தில் அந்த மாவட்டத்தில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பின மக்களில் நூற்றுக்கு இரண்டு பேரே வாக்காளர் பட்டியலில் இருந்தார்கள். உரிமை கேட்ட போராட்டத்தில் ஜிம்மி லீ ஜாக்சன் என்ற இளைஞரைப் போலீஸ் சுட்டது. எட்டு நாளில் அவர் இறந்தார். அந்தச் சாவுக்கு நீதி கேட்டு, மார்ச் 7 அன்று சுமார் 600 பேர் தலைநகர் மாண்ட்கோமரிக்கு நடந்தார்கள். முன்னால் ஜான் லூயிசும் ஹோசியா வில்லியம்சும். உச்சிக்கு வந்தபோதுதான் கீழே போலீஸ் படை வரிசையாக நிற்பது தெரிந்தது. திரும்பவில்லை, இறங்கினார்கள். கண்ணீர்ப்புகை, தடியடி, குதிரைப்படை. லூயிசின் மண்டை உடைந்தது. அமேலியா பாய்ண்டன் நினைவிழந்து சாலையில் விழுந்தார்.

மார்ச் 21இல் மீண்டும் அதே பாலத்தைக் கடந்தார்கள். 54 மைல் நடந்து 25ஆம் தேதி மாண்ட்கோமரியை அடைந்தபோது கூட்டம் 25,000. ஆகஸ்ட் 6இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது.

அவர்கள் நடந்த வழியில்தான் லவுண்ட்ஸ் மாவட்டம். அங்கே கறுப்பின மக்கள் தொடங்கிய கட்சியின் சின்னம் கருஞ்சிறுத்தை. அது 1966இல் ஓக்லாந்து போய், 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் ஆகி, பிறகு நம்மிடம் விடுதலைச் சிறுத்தைகளாக வந்தது. ஆக, அந்தப் பாலத்து வரலாறு நமக்கு அந்நியம் இல்லை.

2020 ஜூலையில் லூயிசின் உடல் குதிரை வண்டியில் கடைசியாக அப்பாலத்தைக் கடந்தது. மறுகரையில் அதே மாநிலப் போலீஸ் சல்யூட் வைத்தது. ஆனால் அவர் ரத்தம் சிந்திப் பெற்ற சட்டத்தின் முக்கியமான பல்லை 2013இலேயே உச்ச நீதிமன்றம் பிடுங்கிவிட்டது.

இறந்தவருக்கு மரியாதை செய்வது அரசுக்குச் சுலபம். நம் ஊரிலும் அம்பேத்கர் சிலைக்கு மாலை போடத் தவறாத ஆட்சிகளின் கீழ்தான் பாப்பாப்பட்டியிலும் கீரிப்பட்டியிலும் பத்தாண்டுகள் ஒரு தலித் தலைவரை நாற்காலியில் உட்கார விடவில்லை. நினைவு நாளில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது மாலைகளை அல்ல. வாங்கிய உரிமைகளில் இன்னும் எத்தனை நம் கையில் இருக்கின்றன என்பதை.