அறிவும் அகந்தையும்: இமாம் கஸ்ஸாலி கண்ட இரு பிழைகள்

இறைமறுப்பாளர் தம்மை அறிவின் பக்கம் நிற்பவராகவும், இறைநம்பிக்கையாளர் தம்மைப் பணிவின் பக்கம் நிற்பவராகவும் கருதிக்கொள்வது வழக்கம். இவ்விரு எண்ணங்களையும் ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஆராய்ந்தவர் இமாம் அபூ ஹாமித் அல்-கஸ்ஸாலி (ரஹ்) ஆவார்.

1058இல் குராசானின் தூஸ் நகரில் பிறந்த அவர், நைசாப்பூரில் இமாம் அல்-ஜுவைனியிடம் பயின்றார். 1091இல் ஸல்ஜூக்கிய அமைச்சர் நிஜாமுல் முல்க், அவரைப் பக்தாத் நிஜாமிய்யா மத்ரஸாவின் பேராசிரியராக நியமித்தார். அங்கு மெய்யியலாரின் நூல்களைக் கற்றுத் தேர்ந்து, 1095இல் 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா'வை எழுதி முடித்தார்.

அந்நூலின் முன்னுரை கூர்ந்து நோக்கத்தக்கது. மதக் கடமைகளை இகழ்ந்து ஒதுக்கிய ஒரு சாராரைப் பற்றி இமாம் அதில் பேசுகிறார். சாக்ரடீஸ், பிளேட்டோ, அரிஸ்டாட்டில் ஆகிய பெரும் பெயர்களைக் கேட்டு மயங்கி, தாமும் அறிவாளிகளாகத் தோன்ற விழைந்தவர்கள் அவர்கள். ஒரு தக்லீதைத் துறந்து இன்னொரு தக்லீதைத் தழுவியதையே அவர்கள் விடுதலை என எண்ணினர் என்பது அவர் கணிப்பு.

ஆயினும் நம்பிக்கையாளரையும் அவர் விட்டுவைக்கவில்லை. கிரகணம் குறித்த கணித விளக்கத்தை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவர், மார்க்கத்திற்கே தீங்கிழைக்கிறார் என அதே நூலில் எச்சரிக்கிறார். பிற்காலத்தில் எழுதிய 'அல்-முன்கித் மினள் ளலால்' நூலில் இவ்விரு பிழைகளையும் அருகருகே வைக்கிறார். கணிதத்தின் துல்லியத்தைக் கண்டு மெய்யியலார் கூறும் அனைத்தையும் நம்பிவிடுபவர் ஒருவர். இஸ்லாத்தைக் காப்பதாக எண்ணி அவர்களின் எல்லா அறிவியலையும் மறுக்கும் 'அறியாத நண்பர்' மற்றவர்.

எனினும் அவரது கடுமையான விசாரணை தம்மை நோக்கியதே. தமது போதனையின் நோக்கத்தை ஆராய்ந்தபோது, அது இறைவனுக்காக மட்டும் அமையவில்லை, புகழ் வேட்கையும் அதில் கலந்திருந்தது எனக் கண்டார். 1095இல் ஏறத்தாழ ஆறு மாதங்கள் மனப் போராட்டம் நீடித்தது. ஒரு கட்டத்தில் பாடம் நடத்த நாவே எழவில்லை. அவ்வாண்டின் இறுதியில் பதவியையும் செல்வத்தையும் துறந்து திமிஷ்க் நோக்கிப் புறப்பட்டார். சத்தியத்தின் பக்கம் நின்று வாதாடியவரிடமும் நஃப்ஸ் குடியிருக்கக்கூடும் என்பதற்கு அவரது வாழ்வே சான்றாயிற்று.

இதைக் கொண்டு அவர் பகுத்தறிவைக் கைவிட்டார் என முடிவுகட்டுதல் தவறு. மீண்டும் 1106இல் நைசாப்பூரில் போதிக்கத் தொடங்கிய பின்னர் எழுதிய 'அல்-முஸ்தஸ்ஃபா' என்னும் சட்டக் கோட்பாட்டு நூலுக்குத் தர்க்கவியலையே முன்னுரையாக அமைத்தார். அவர் எதிர்த்தது அறிவை அன்று. தன் எல்லையை அறியாத அறிவையே.

1111இல் தூஸில் மறைந்த இமாம் விட்டுச்சென்ற வினா இன்றும் இரு சாராருக்கும் பொதுவானது: நாம் வாதிடுவது உண்மை வெல்வதற்காகவா, நாம் வெல்வதற்காகவா? மறுப்பவரிடம் இதனைக் கேட்பது எளிது. நம்மிடமே கேட்டுக்கொள்வதுதான் இமாம் காட்டிய வழி.