உலையும் விசிறியும்: மூணாறு தேயிலைக் கூடங்களில் பழுதறிதலின் வரலாறு

குளிர்நாட்டு வீடுகளைச் சூடாக்கும் கணப்பு உலை சில வேளைகளில் ஒரு பிழைக்குறியீட்டைக் காட்டிவிட்டு நின்றுபோகிறது. கட்டுப்பாட்டுப் பலகை அனுப்பிய ஆணைக்கு ஊதுவிசிறியின் மோட்டாரிடமிருந்து மறுமொழி வரவில்லை என்பதே அக்குறியீட்டின் பொருள். காற்று நகராத இடத்தில் நெருப்பு எரியலாகாது; ஆகவே பலகை நெருப்பை அணைத்துவிடுகிறது. இதை அயல்நாட்டு வீட்டுச் சிக்கல் என்று ஒதுக்கிவிட இயலாது. அந்த உலைக்குள் சுழலும் விசிறிச் சக்கரம் தேயிலைத் தோட்டத்தின் வழிவந்தது. உலைக்கும் விசிறிக்கும் இடையே அறுந்த தொடர்பைக் கண்டறியும் கலையும் மூணாற்று மலைகளில் நெடுங்காலம் பயிலப்பட்டதே.

அயர்லாந்தின் வடபகுதியைச் சேர்ந்த சாமுவேல் கிளீலண்ட் டேவிட்சன் 1864இல் கச்சாரின் தேயிலைத் தோட்டமொன்றுக்கு உதவியாளராக வந்தவர். கரி அடுப்பின்மேல் தட்டுகளில் இலையை உலர்த்தும் முறை அவருக்கு நிறைவளிக்கவில்லை. வெப்பக்காற்றைக் கொண்டு உலர்த்தும் பொறியை வடித்த அவர், 1881இல் பெல்பாஸ்ட் நகரில் தமது தொழிற்சாலையைத் தொடங்கினார். சகாராவிலிருந்து வீசும் வெங்காற்றின் பெயரால் அது சிராக்கோ எனப்பட்டது. சூடு மட்டும் போதாது, காற்றை வேண்டிய அளவில் நகர்த்தவும் வேண்டும் என்ற தேவை அவரை விசிறியின் பக்கம் திருப்பிற்று. சுழலும் திசை நோக்கி வளைந்த பல சிறு அலகுகள் உருளை வடிவில் அமைந்த விசிறிக்கு 1898இல் காப்புரிமை பெற்றார். சுரங்கங்களிலும் கப்பல்களிலும் காற்றோட்டம் தந்த அதே வடிவமே பின்னாளில் வீட்டுக் கணப்பு உலைகளிலும் இடம்பெற்றது.

இடுக்கியின் எல்லை மலைகளில் இத்தொழில் வேரூன்றியதும் அக்காலத்தில்தான். 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரச குடும்பத்தாரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். 1880இல் ஏ. எச். ஷார்ப் பார்வதி தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் உருவாயிற்று. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து மலையேறிய தமிழர்களே தோட்டத்தில் கொழுந்து பறித்தனர். தேயிலைக் கூடத்தில் உலைக்கு விறகிட்டனர்.

வாட்டி, உருட்டி, நொதிக்கவிட்ட இலை இறுதியாக உலர்த்தும் பொறிக்குள் செல்கிறது. அங்கே உலையின் நெருப்பு குழாய்களைச் சூடாக்குகிறது. விசிறி அக்குழாய்களின்மீது காற்றைச் செலுத்தி இலைத் தட்டுகளுக்கு அனுப்புகிறது. இலையின் ஈரம் ஏறத்தாழ 3 விழுக்காட்டுக்கு இறங்கவேண்டும். விசிறி தளர்ந்தால் நீராவி வெளியேறாமல் தங்கி இலை வெந்துபோகிறது. தேநீரின் சுவை மழுங்குகிறது. சூடு மிகுந்தால் இலையின் புறம் இறுகி அகத்தில் ஈரம் தங்குகிறது. அத்தேயிலை பெட்டிக்குள்ளேயே கெடுகிறது. வெப்பக்குழாயில் விரிசல் விழுந்தால் தேநீரில் புகை மணக்கிறது. ஆக, பழுது ஓரிடத்தில் இருக்க, அதன் அறிகுறி வேறோரிடத்தில் வெளிப்படுகிறது.

மின்சாரம் வருமுன் தேயிலைக் கூடத்தின் பொறிகள் அனைத்தும் மேலே ஓடும் ஒரே நெடுந்தண்டிலிருந்து தோல் பெல்ட்டுகளின் வழியே இயங்கின. விசிறிக்கு வரும் செய்தி அந்த பெல்ட்தான். அது வழுக்கினால் தண்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே விசிறியின் வேகம் குறையும். இலை ஈரமாக வெளிவருவதைக் காண்பவர் முதலில் நினைப்பது உலைக்கு இன்னும் விறகு வேண்டும் என்பதே. அது கேட்டை மிகுவிக்கும் மருந்து. நெருப்பைக் கூட்டுமுன் விசிறியின் ஒலியைக் கேட்கவேண்டும். வெளிவரும் காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் அறியவேண்டும். பெல்ட்டின் இறுக்கத்தையும் விசிறி அலகுகளில் படிந்த தூசியையும் பார்க்கவேண்டும். வெப்பமானி காட்டும் எண் ஒரு சான்று மட்டுமே. அந்த எண் ஏன் மாறியது என்பதைச் சொல்ல மூக்கும் செவியும் விரல்நுனியும் வேண்டியிருந்தன.

1940இல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மின்சாரம் பரவப் பரவ நெடுந்தண்டு மறைந்து, பொறிக்கொரு மோட்டார் என்ற முறை நிலைபெற்றது. பெல்ட் ஏந்திய செய்தியைக் கம்பி ஏந்தலாயிற்று. இன்றைய வீட்டு உலையில் அச்செய்தி மின்னணுக் குறிப்பாகவே ஆகிவிட்டது. மோட்டாருக்குள்ளேயே ஒரு சிறு கணிப்பொறி அமர்ந்து விடையளிக்கிறது. ஆயினும் பழுதறியும் ஒழுங்கு மாறவில்லை. குறியீட்டைக் கண்டவுடன் விலைமிக்க மோட்டாரை மாற்றுவது, ஈர இலையைக் கண்டவுடன் விறகைத் திணிப்பதற்கு நிகரான பிழை. மோட்டாருக்கு மின்னழுத்தம் முறையாக வருகிறதா என்பது முதல் கேள்வி. இணைப்பிகள் தளர்ந்தோ துருவேறியோ உள்ளனவா, கம்பி எங்கேனும் அறுந்துள்ளதா என்பது அடுத்தது. அதன்பின் மோட்டாரைத் தனியே இயக்கிப் பார்க்கவேண்டும். அதுவும் சரியெனில் ஐயம் பலகையின்மீது விழும். குறியீடு தெரிவிப்பது உரையாடல் முறிந்தது என்பதை மட்டுமே. முறித்தவர் யார் என்பதை அது தெரிவிப்பதில்லை.

தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் காப்புரிமைகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. டேவிட்சனின் பெயரும் ஆண்டும் கிடைப்பது அதனால்தான். பொறி வடித்தவரின் அறிவு காகிதத்தில் ஏறியது. பொறியை நாள்தோறும் ஓடச்செய்தவரின் அறிவு ஒரு கையிலிருந்து மறுகைக்குச் சென்றது. மூணாற்றின் நல்லதண்ணி தோட்டத்திலுள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் 1905ஆம் ஆண்டின் உருட்டுபொறி நிற்கிறது. கன்னிமலைத் தோட்டத்தில் 1920களில் மின்னாக்கிய பெல்டன் சக்கரமும் உள்ளது. இரும்பு அவ்வாறு காக்கப்பட்டது. பெல்ட் வழுக்கும் ஒலியை நள்ளிரவில் இனங்கண்ட செவிக்கு அங்கே காட்சிப்பேழை இல்லை. அந்த அறிவைத் தேட எஞ்சியுள்ள ஆவணம், தேயிலைக் கூடங்களில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர்களின் வாய்மொழி ஒன்றே. அதைப் பதிவுசெய்வதற்கான காலமோ ஆண்டுதோறும் சுருங்கிவருகிறது.