கடதாசியும் காணியும்

புத்தளத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர், 1344இல் இப்னு பதூதா இங்கு வந்ததிலிருந்து தொடங்குவது வழக்கம். முப்பத்தாறு வருடங்கள் இம்மாவட்டப் பாடசாலைகளில் வரலாறு கற்பித்த நானும் அவ்வாறே கற்பித்தேன். ஓய்வு பெற்ற பின் இருந்து யோசிக்கையில், என் தொழிலும் பொதுப்பணியும் பழைய கடதாசிகள் மீதிருந்த பித்தும் ஒன்றுகூடிய இடம் வேறாகத் தெரிகிறது. அதனை இங்கு பதிவுசெய்ய விரும்புகிறேன்.

நிக்காஹ் அழைப்பிதழ், கடைச் சிட்டை, தோணிக் கணக்கு, அரபுத் தமிழ்க் கடிதம் என எது அகப்பட்டாலும் சேர்த்து வைப்பேன். 1882இல் அறிஞர் சித்திலெவ்வை 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய காலத்தில் எம்மவரிற் பலர், குறிப்பாகப் பெண்கள், தமிழை அரபெழுத்திலேயே வாசித்தனர். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு, அரபெழுத்துகளில் புள்ளியும் குறியும் கூட்டி முன்னோர் புதிய எழுத்துகளை உண்டாக்கிக்கொண்டனர். அவ்வெழுத்தை எனக்குப் பழக்கியவர் என் உம்மும்மா. "இந்தக் குப்பையெல்லாம் எதுக்கு?" என்று வீட்டில் கேட்கப்படும்போது சொல்வதற்கு நெடுங்காலம் என்னிடம் விடை இருக்கவில்லை.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் 30ஆம் திகதி கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். வெளியேற்றப்பட்டோர் 70,000க்கும் அதிகம் என்பது பொதுவான மதிப்பீடு. மன்னார்த் தீவிலிருந்து பலர் கடல்வழியாகக் கற்பிட்டியை அடைந்தனர். புத்தளத்தில் காலையில் எமதூர்ப் பிள்ளைகளுக்கும் பிற்பகலில் வந்த பிள்ளைகளுக்குமாகப் பாடசாலை நடத்தினோம். கிணறும் கூலித்தொழிலும் பங்கிடப்பட்டபோது எமதூரவரிடையே முணுமுணுப்பு எழுந்ததையும் மறைப்பதற்கில்லை.

புதிய மாணவரைச் சேர்க்க விடுகைப் பத்திரம் வேண்டும், அது இல்லை. பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் பலரிடம் இல்லை. தலைமுறை தலைமுறையாக ஓரூரில் வாழ்ந்தவரும் ஒருநாள் அங்கு வாழ்ந்ததற்குச் சான்று காட்ட வேண்டி வரலாம் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து முகாம் முகாமாகச் சென்றோம். பெயர், தகப்பன் பெயர், ஊர், படித்த பாடசாலை, நிக்காஹ் நடந்த பள்ளிவாசல், காணியின் நான்கு எல்லைகள் என யாவற்றையும் கொப்பிகளில் எழுதினோம். "ரெண்டு மாசத்தில திரும்பிப் போயிருவம், இதெல்லாம் என்னத்துக்கு சேர்?" என்றார்கள். இரண்டு மாதம் இருபது வருடமாயிற்று.

ஒருநாள் மன்னார்ப் பக்கத்து மூதாட்டி ஒருவர், மௌலூதுக் கிதாபினுள் மடித்து வைத்திருந்த கடிதமொன்றைக் கொண்டுவந்தார். "இத வாசிக்க எங்கட ஆக்களில இப்ப ஆருமில்ல மகன்" என்றார். கொழும்பிலே தொழில் செய்த அவரது கணவர் அரபுத் தமிழில் எழுதிய கடிதம் அது. தென்னங்காணி வாங்கிய விபரம், உறுதி எழுதிய நொத்தாரிசின் பெயர், ஆண்டு ஆகியன அதில் இருந்தன. அக்கடிதம் காணியுறுதியாகாது. எனினும் நொத்தாரிசு தாம் எழுதும் ஒவ்வோர் உறுதியின் பிரதியொன்றையும் காணிப் பதிவகத்துக்கு அனுப்பியாக வேண்டும் என்பது சட்டம். பெயரும் ஆண்டும் தெரிந்தால் தேடலாம். தேடினோம், காலம் எடுத்தது, பிரதி கிடைத்தது. அதன்பின் என் வீட்டில் எவரும் அந்தப் பழைய கேள்வியைக் கேட்கவில்லை.

2009 மே மாதம் போர் முடிந்து மக்கள் மீளச் சென்றபோது பலருடைய காணிகளில் வேறு குடிகள் இருந்தன. பத்து வருடத் தடையற்ற அனுபவத்தைக் கொண்டு காணிக்கு உரிமை கோர இடமளிப்பது 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். துரத்தப்பட்டவன் வழக்குப் பேச வழியற்றிருந்த வருடங்களும் அக்கணக்கில் அவனுக்கு எதிராகவே நின்றன. ஆயுதக் குழுக்களின் செயலால் உரிமையை நாட முடியாதிருந்தோர் விடயத்தில் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கிலிருந்து விலக்கியது 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம். வெளியேற்றம் நடந்து இருபத்தாறு வருடங்களின் பின் வந்த நீதி அது. அதனை நாடுவதற்கும் காணி தன்னுடையது என்பதற்குச் சான்று வேண்டியிருந்தது.

அயல் தமிழ்க் குடும்பமொன்று பன்னிரண்டு வருடங்கள் காத்து வைத்திருந்து, 2002 சமாதான காலத்தில் உரியவரிடம் ஒப்படைத்த உறுதியொன்றையும் நான் கண்டிருக்கிறேன். அதுவும் எழுதப்பட வேண்டிய வரலாறே.

அந்தக் கொப்பிகள் இன்னும் என்னிடமுள்ளன. தாள்கள் பழுத்துவிட்டன, பேரப்பிள்ளைகள் ஒவ்வொரு பக்கமாகப் படம்பிடித்துக் கணினியில் சேர்க்கின்றனர். வாசகர்களிடம் எனக்குள்ள வேண்டுகோள் ஒன்றே. வீட்டில் மூத்தோர் மௌத்தானதும் அவர்களுடைய பெட்டியை அப்படியே நெருப்பில் போட்டுவிடாதீர்கள். வாசிக்கத் தெரியாத எழுத்தாக இருந்தால், வாசிக்கத் தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களிடம் கொண்டு செல்லுங்கள்.