விரிவாக்கப்பட்ட உணவு, ஊட்டச்சத்துக் கல்வித் திட்டம்

விரிவாக்கப்பட்ட உணவு, ஊட்டச்சத்துக் கல்வித் திட்டம் (சுருக்கமாக எஃப்னெப்) என்பது ஐக்கிய அமெரிக்காவில் குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்குச் சிறு செலவில் சத்தான உணவை வாங்கவும் சமைக்கவும் கற்பிக்கும் நடுவண் அரசுத் திட்டம் ஆகும். இது 1969 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. வேளாண் துறை இதற்கு நிதி வழங்க, பல்கலைக்கழகங்களின் விரிவாக்கப் பிரிவுகள் வகுப்புகளை நடத்துகின்றன.

வரலாறு

1914 ஆம் ஆண்டின் சிமித்-லீவர் சட்டம் பல்கலைக்கழக ஆய்வுகளை ஊர்ப்புற மக்களிடம் கொண்டு செல்லும் விரிவாக்கப் பணிக்கு வழி செய்தது. எனினும் மிக வறிய குடும்பங்கள் இதன் கூட்டங்களுக்கு அதிகம் வரவில்லை. 1964 இல் அலபாமா மாநிலத்தில் தொடங்கிய முன்னோடி முயற்சியில், அப்பகுதியைச் சேர்ந்த பெண்களே பயிற்சி பெற்று வீடுகளுக்குச் சென்று கற்பித்தனர். 1968 இல் நாட்டில் நிலவிய பசி பொதுமக்களின் கவனத்தைப் பெற்றதையடுத்து, இம்முறை நாடு முழுவதும் விரிவாக்கப்பட்டது.

செயல்படும் முறை

கற்பிப்போர் பெரும்பாலும் பட்டம் பெற்ற வல்லுநர்கள் அல்லர். கற்போர் வாழும் சமூகத்திலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டு, வல்லுநர்களிடம் பயிற்சி பெறுவோர் ஆவர். அதே கடையில் அதே வருமானத்தில் பொருள் வாங்கியவர் சொல்லும் அறிவுரை எளிதில் ஏற்கப்படும் என்பது இதன் அடிப்படை. சிறு பிள்ளைகள் உள்ள குடும்பங்களும் சிறுவர்களும் இதன் முதன்மைப் பயனாளிகள். பாடங்கள் பல வாரங்களுக்குத் தொடராக நடைபெறும்.

பாடங்கள்

* திட்டமிடல்: வாரத்திற்கான உணவுப் பட்டியலை முன்கூட்டியே எழுதுதல், வீட்டில் இருப்பதை முதலில் பயன்படுத்துதல்.
* அலகு விலை: எடுத்துக்காட்டாக, 16 அவுன்சுப் பொதி 2 டாலர் எனில் ஓர் அவுன்சு 12.5 சென்ட், 32 அவுன்சுப் பொதி 3.20 டாலர் எனில் 10 சென்ட். பெரிய பொதி வீணாகாமல் பயன்பட்டால் மட்டுமே அது மலிவு.
* மாற்றுப் பொருட்கள்: இறைச்சியின் ஒரு பகுதிக்குப் பதிலாக உலர்ந்த அவரை வகைகள்; விலை கூடிய பருவத்தில் உறையவைத்த காய்கறிகள். தகரத்தில் அடைத்த அவரையை நீரில் அலசினால் உப்பு குறையும்.
* உணவுப் பாதுகாப்பு: கைகழுவுதல், சமைத்த உணவை விரைவில் குளிரூட்டுதல்.

மதிப்பீடு

தொடக்கத்திலும் முடிவிலும், முந்தைய 24 மணி நேரத்தில் உண்டவை அனைத்தையும் பங்கேற்போர் நினைவுகூர்ந்து கூறுவர். இரண்டையும் ஒப்பிட்டு மாற்றம் கணிக்கப்படுகிறது. உண்டதை மறப்பதும், எதிர்பார்க்கப்படும் விடையைக் கூறுவதும் இம்முறையின் குறைகள்.

விமர்சனங்கள்

வறியோர் சமைக்கத் தெரியாததால்தான் சத்தற்ற உணவை உண்கின்றனர் என்னும் எண்ணத்தை இத்தகைய வகுப்புகள் வலுப்படுத்துகின்றன என்பது ஒரு விமர்சனம். பணம், நேரம், அருகில் நல்ல கடை, வேலை செய்யும் அடுப்பு ஆகியவை இல்லாதபோது அறிவு மட்டும் போதாது. வேளாண் துறையே 2021 இல் சிக்கன உணவுத் திட்டத்தை மறுகணக்கிட்டபோது, உணவு உதவித்தொகை ஏறத்தாழ 21 விழுக்காடு உயர்த்தப்பட்டது. கல்வி உதவித்தொகைக்கு மாற்று அன்று, கிடைக்கும் தொகையைப் பயனுள்ளதாக்கும் துணையே என்று ஆதரவாளர்கள் கூறுவர்.

தொடர்புடைய திட்டம்

உணவு உதவி பெறுவோருக்கான மற்றொரு கல்வித் திட்டமான சினாப்-எட்டுக்கு வழங்கப்பட்ட நடுவண் நிதி, 2025 சூலையில் இயற்றப்பட்ட சட்டத்தால் அவ்வாண்டு செப்டம்பருடன் நிறுத்தப்பட்டது. எஃப்னெப் தனி நிதி ஒதுக்கீட்டின் கீழ் வருவதால் அச்சட்டப் பிரிவு அதற்குப் பொருந்தாது.